ஜவ்வாது மலையும் பாலாற்றுக் கழிமுகமும்

ஜவ்வாது மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதி செய்யாறாகிக் கிழக்கே ஓடுகிறது. திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலைச் சேருகிறது. மலை தந்த வண்டலும் தழையும் இறுதியில் படியும் இடம் அக்கழிமுகமே. அச்சேற்றில் புழுவும் நத்தையும் பெருகுகின்றன; அவற்றை நாடி உள்ளான்களும் நாரைகளும் வருகின்றன. குறுகிய அலகுடையவை மேற்பரப்பைப் பொறுக்கும். நீண்ட அலகுடையவை ஆழத்தில் துழாவும். ஒரே சேறு பல இனங்களுக்கும் உணவளிக்கும் விதம் இதுதான்.

பறவைகளைக் கூர்ந்து நோக்குவது மேனாட்டார் கற்றுத் தந்த கலையென எண்ணுவோர் உளர். ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) கெய்ரோவில் மறைந்த இமாம் தமீரி, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் நூலில் உயிரினங்களை அரபி அகர வரிசையில் தொகுத்தார். அதில் செவிவழிக் கதைகளும் மிகுதி என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கேட்டதைச் சோதித்துப் பார்க்கும் துணிவில், 9ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ஜாஹிளே அவரினும் மேலானவர் என்பது நம் கருத்து.

நம் நாட்டில் அந்தத் துணிவுக்கு உரியவர் சாலிம் அலி. 1896இல் பம்பாயில் பிறந்து, பெற்றோரை இழந்து, மாமன் அமீருத்தீன் தையப்ஜீயின் இல்லத்தில் வளர்ந்தவர். சிறுவனாய்ச் சுட்ட சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்தார். அது எந்த இனம் என்று கேட்க மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். பட்டம் இல்லையென வேலை மறுக்கப்பட்டவர், 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1987இல் மறையும்வரை பறவைகளை விட்டு விலகவில்லை.

கல்லாத உழவரும் இதில் குறைந்தவரல்லர். கழிமுகத்துக்கு மேற்கேயுள்ள வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், அவற்றைச் சுடக்கூடாதென முறையிட்டனர். செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்களுக்கு அவ்வுரிமையை எழுதித் தந்தார்.

பாலாற்றைப் பற்றிப் பேசுகையில் நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்டே நம்மவர் பலர் செல்வம் கண்டனர். வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919இல் எழுந்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். அத்தொழிலின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைச் சொல்லத் தயங்குகிறோம். 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமெனத் தீர்ப்பளித்து, ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் மீண்டும் பேச நேர்ந்தது.

வாணியம்பாடியைக் கடந்துவரும் நீரும், ஜவ்வாதுவிலிருந்து இறங்கும் செய்யாற்று நீரும் திருமுக்கூடலில் ஒன்றாகியே அந்த உள்ளான்களிடம் போய்ச் சேர்கின்றன.