அத்தோவும் கவுனி அரிசியும்... ரெண்டு பர்மா

பரீட்சை முடிஞ்சாச்சு, அடுத்து எதைப் பத்தி எழுதலாம்னு யோசிச்சப்ப வயிறுதான் முதல்ல பதில் சொல்லுச்சு :-) அதனால இது சாப்பாட்டுல ஆரம்பிச்சு சரித்திரத்துல முடியற பதிவு.

போன தடவை சென்னை போயிருந்தப்ப, பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடைக்கு நண்பன் கூட்டிக்கொண்டு போனான். "சைனீஸ் ஐட்டம்டா, செமயா இருக்கும்" என்றான். ஆரஞ்சு நிறத்தில் தடிமனான நூடுல்ஸ். கடைக்காரர் அதை ஒரு கிண்ணத்தில் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாம் சேர்த்து, மேலே மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து கொடுத்தார். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். அடுப்பில் வதக்குகிற வேலையே கிடையாது.

"அண்ணே, இது சைனீஸ்தானே?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்ல தம்பி, பர்மா. எங்க தாத்தா ரங்கூன்ல சாப்பிட்டது" என்றார். அவ்வளவுதான். ஆனால் திருமயத்துக்காரனான எனக்கு அந்த ஒரு வரி சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் "பர்மா" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்த பர்மா வேறு.

எங்கள் ஊர்க்கோட்டையை எல்லாருக்கும் தெரியும். சேதுபதி கட்டியது, 1687. கோட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் கடியாபட்டி, ராயவரம் என்று செட்டிநாட்டு ஊர்கள். தெருவையே அடைத்து நிற்கும் வீடுகள். "இந்தத் தூணெல்லாம் பர்மா தேக்கு" என்று காட்டுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் இலையில் கவுனி அரிசி வைப்பார்கள். கறுப்பாக இருக்கும் ஒட்டும் அரிசி. நன்றாக ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்தது. அதுவும் பர்மாவிலிருந்து வந்ததுதான் என்பார்கள். பர்மிய மொழியில் ஒட்டும் அரிசிக்கு ஏறக்குறைய "கௌக்ஞின்" என்று பெயர். கவுனி என்ற சொல் அதிலிருந்து வந்திருக்கலாம். ஆக எனக்குத் தெரிந்த பர்மா தேக்கும் நெய்யும். அந்த அண்ணனின் பர்மாவோ தள்ளுவண்டி. ஒரே நாட்டிலிருந்து எப்படி இப்படி ரெண்டு சாப்பாடு வந்தது?

இனி கொஞ்சம் சரித்திரம். (தூங்கிடாதீங்க!)

1852-ல் நடந்த இரண்டாம் போரில் ஆங்கிலேயர் கீழ்பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி டெல்டா முழுக்கக் காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது சுலபமாயிற்று. காட்டை வெட்டி வயலாக்கப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. கொடுத்தவர்கள் நம்ம ஊர் நகரத்தார். "கொண்டுவிக்கப் போவது" என்று அதற்குப் பெயர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள் போவார்கள். குடும்பம் பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும். தவணை முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். ரங்கூனில் முகல் தெருதான் அவர்களின் மையம்.

அவர்கள் மட்டும் போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்க, அரிசி ஆலையில் வேலை செய்ய, வயலில் அறுக்க, தெரு கூட்ட என்று தமிழர்களும் தெலுங்கர்களும் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூன் நகரில் பாதிக்கு மேல் இந்தியர்கள்! பர்மியரின் தலைநகரில் பர்மியரே சிறுபான்மை. இது எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை படுத்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார் கைக்கு வந்தது. 1930-ல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1937-ல் 25 சதவீதம். அவர்களுக்குத் தேவைப்பட்டது நிலம் அல்ல, பணம்தான். ஆனால் நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த வித்தியாசம் எப்படிப் புரியும்? 1930-லும் 1938-லும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரங்கள் வெடித்தன. 1930-ல் முதலில் அடிபட்டவர்கள் பெட்டியடியில் இருந்தவர்கள் அல்ல. துறைமுகக் கூலிகள்.

1941 டிசம்பர் 23. ரங்கூன் மீது ஜப்பானின் குண்டு விழுந்தது. ஏறத்தாழ நான்கைந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். காசு இருந்தவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. இல்லாதவர்கள் அரக்கான் மலை வழியாகவும், மணிப்பூர் வழியாகவும், அசாம் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம். 1952-ல் வந்த "பராசக்தி" படத்தில் குணசேகரன் ரங்கூனிலிருந்துதானே வருவான், அந்தக் காலம்தான் இது.

போர் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தது. நிலம் தேசியமயமானது. 1962 மார்ச் 2-ல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963, 64-ல் கடைகள் தேசியமயம். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு! (நமக்கும் 2016-ல் கொஞ்சம் அனுபவம் உண்டு.) ஒரே நாளில் கடையும் போச்சு, பெட்டியில் இருந்த நோட்டும் போச்சு. 1960-களில் வெளியேறிய இந்தியர்கள் சுமார் மூன்று லட்சம் என்று சொல்கிறார்கள். இந்தத் தடவை வந்தவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். "தாயகம் திரும்பியோர்" என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதினார்கள். பார்த்தே இராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

அவர்களுக்காக 1969-ல் சென்னையில் தொடங்கியதுதான் பர்மா பஜார். காரைக்குடியில்கூட பர்மா காலனி இருக்கிறது, எத்தனை தடவை பஸ்ஸில் கடந்து போயிருப்பேன்! சிலருக்கு இங்கே ஒட்டவே இல்லை. நடந்தே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போய், எல்லையில் நிறுத்தப்பட்டு, மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோவிலும் உண்டு. 2023 மணிப்பூர் கலவரத்தில் அந்த மோரேயும் பாதிக்கப்பட்டது.

இப்ப தள்ளுவண்டிக்குத் திரும்புவோம். பர்மிய மொழியில் "அ தௌக்" என்றால் கையால் பிசைந்த கலவை. அதுதான் அத்தோ. "பே" என்றால் பயறு, "ஜோ" என்றால் பொரித்தது. நொறுக்கிப் போட்ட தட்டைதான் பேஜோ. அந்த வாழைத்தண்டு சூப், பர்மியர் காலையில் சாப்பிடும் மொய்ங்காவின் சொந்தக்காரன். அங்கே அது மீன் குழம்பு. நான் குடித்ததில் மீன் இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். தவணைக்குப் போய் வந்தவர்கள் பர்மாவிலிருந்து பொருளைக் கொண்டுவந்தார்கள். தேக்கு, அரிசி, பணம். அதெல்லாம் வீட்டில் நிற்கிறது, எல்லாரும் வந்து படம் எடுக்கிறார்கள். தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். சுங்கத்தில் பிடுங்க முடியாத ஒன்றே ஒன்று மிஞ்சியது, சமையல் கைப்பழக்கம். அதை வைத்துக் கடை போட்டார்கள். அதைத்தான் நாம் "சைனீஸ் ஐட்டம்" என்று சொல்லிச் சாப்பிடுகிறோம்.

ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அத்தோ பற்றிச் சொன்னேன். "அப்படி ஒண்ணு நாங்க கேள்விப்பட்டதே இல்லையேப்பா" என்றார். அவர்கள் வீட்டில் மூன்று பேர் பர்மாவில் இருந்தவர்கள்.

அடுத்த தடவை காரைக்குடி பஸ் பர்மா காலனியைத் தாண்டும்போது இறங்கி உள்ளே போய்ப் பார்க்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் ஒரு பர்மா காலனி இருக்கலாம், விசாரிச்சுப் பாருங்க. தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டால், தயவுசெய்து சைனீஸ் என்று மட்டும் சொல்லாதீங்க.