துணை விமானப்படையின் விட்டுப்போன பணி: வான்வழிச் சரக்குப் போக்குவரத்தும் கடலூர் மாவட்டமும்

2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 பெருவெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். இருபதே ஆண்டுகளில் கடலூர் மாவட்டம் கண்ட பேரிடர்கள் இவை. ஒவ்வொரு முறையும் முதல் சில நாட்களில் தட்டுப்பாடாக இருந்தது பொருள் அல்ல, பொருளைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியை ராணுவப் போக்குவரத்து விமானங்கள் சுமக்கின்றன. இந்தியாவில் அவற்றை இயக்குவது முழுநேர விமானப்படை மட்டுமே. நெருக்கடியில் அழைக்கத்தக்க, பகுதிநேரப் பயிற்சியில் இருக்கும் ரிசர்வ் போக்குவரத்துப் பிரிவு நம்மிடம் இல்லை. அப்படிப்பட்ட பிரிவு தேவை என்பதும், அதன் உயிர்நாடி விமானங்கள் அல்ல, பழக்கம் விட்டுப்போகாத ஆட்களே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. 1947 அக்டோபர் 27 அன்று முதலாம் சீக்கியப் படைப்பிரிவை ஸ்ரீநகரில் இறக்கிய டக்கோட்டா போக்குவரத்து விமானங்களில் விமானப்படைக்குச் சொந்தமானவை சிலவே. தனியார் விமான நிறுவனங்களின் டக்கோட்டாக்களும் பைலட்டுகளும் சேர்ந்துதான் அந்த வான்பாலத்தைக் கட்டினார்கள். ஐந்தாண்டுகளில், 1952-இல், ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்டம் வந்தது. குடிமக்களாகிய பைலட்டுகளையும் தொழில்நுட்பர்களையும் அழைத்துக்கொள்ளவும், பணி முடிந்தபின் அவர்களைப் பழைய வேலையில் சேர்க்கவும் அச்சட்டம் வழிசெய்தது. அதன்படி டெல்லி, பம்பாய், சென்னை உள்ளிட்ட நகரங்களில் துணை ஸ்குவாட்ரன்கள் அமைந்தன. ஆனால் அவர்களுக்குத் தரப்பட்டவை எச்.டி.2, ஹார்வர்டு பயிற்சி விமானங்களும் பின்னர் வாம்பயர் ஜெட்டுகளும். காஷ்மீரில் குடிமக்கள் நிரூபித்தது சரக்கேற்றும் திறனை. துணைப்படைக்கு வகுக்கப்பட்டதோ சண்டைப் பாதை. வார இறுதியில் மட்டும் பறப்பவர் ஜெட் போர்விமானத்தில் முழுநேர வீரருக்கு ஈடுகொடுப்பது கடினம். அந்த ஸ்குவாட்ரன்கள் பின்னர் முறைப்படைக்குள் கரைந்துபோனதில் வியப்பில்லை. தோற்றது ரிசர்வ் என்ற கொள்கை அல்ல, அதற்குத் தேர்ந்தெடுத்த வேலை என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1968 முதல் அங்கே ரிசர்வ் குழுக்கள் தமக்கென விமானம் வைத்துக்கொள்ளாமல், முறைப்படையின் சரக்கு விமானங்களையே அதே தளத்தில் மாற்றி மாற்றி ஓட்டும் முறை வளர்ந்தது. விமானம் ஒன்று, குழுக்கள் இரண்டு. போர்க்காலத்தில் விமானத்துக்கு ஓய்வு தேவைப்படுவதைவிட மனிதர்களுக்கே அதிகம் தேவைப்படும். ஆகவே குழுக்களைக் கூட்டினாலே பறக்கும் நேரம் கூடிவிடும். சரக்கை ஏற்றி இறக்கும் தரைக்குழுக்களும் அந்த ரிசர்வில் உண்டு. இந்தப் பகுதிதான் நமக்கு மிகுதியும் பொருந்துவது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தேவைப்பட்டால் பயணிகள் விமானங்களை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே? 1990 ஆகஸ்டில் தொடங்கி, குவைத்திலிருந்து வந்த ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களில் மிகப் பெரும்பாலோரை அம்மான் வழியாக ஏர் இந்தியா கொண்டுவரவில்லையா? கொண்டுவந்தது, அது பெருஞ்சாதனை. 2015-இல் ஏமனின் சனாவுக்கே ஏர் இந்தியா விமானங்கள் போயின என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு இடத்திலும் இருந்தது ஒழுங்கான விமான நிலையம். சனாவில் பறக்க அனுமதி கிடைத்த நேரமும் இருந்தது. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின்மேல் ஐந்து ஏஎன்-32 விமானங்கள் சுமார் 25 டன் நிவாரணப் பொருளைப் பாராசூட்டில் இறக்கிய ‘ஆபரேஷன் பூமாலை’யை எந்த வாடகை விமானமும் செய்திருக்க முடியாது. அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பின்புறச் சாய்கதவு திறந்து, உருளைகள்மேல் சரக்குப் பலகை ஓடத் தொடங்கும் சில நொடிகளில் எடைமையம் வால்பக்கம் நகர, மூக்கு மேலெழும். பைலட் அதை எதிர்பார்த்துக் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளி, பலகை வெளியேறிய மறுகணமே விட்டுக்கொடுக்க வேண்டும். பயணிகள் விமானத்தில் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் இது வராது. ஓராண்டு செய்யாமல் விட்டால் தெரிந்தவருக்கும் கை தவறும்.

அப்படியானால் பகுதிநேரக்காரரை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏஎன்-32, 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. 2024-இல்தான் அதன் சிதைவுகள் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டன. முழுநேரப் படையினரையும் விழுங்கிய கடல்வழி அது. ஆகவே ரிசர்வுக்குப் புதியவர்களை எடுத்து அந்த வழியில் அனுப்பச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டி ஓய்வுபெற்றோ விலகியோ விமான நிறுவனங்களில் பணியாற்றுவோரே முதல் இலக்கு. அவர்களுக்கு வேண்டியது அடிப்படைப் பயிற்சி அல்ல. சூலூரில் உள்ள 33-ஆம் ஸ்குவாட்ரனைப் போன்ற ஒன்றோடு ஆண்டுக்குச் சில வாரங்கள் பறந்து பழக்கத்தைத் தக்கவைப்பது. அதற்கு ஆகும் செலவு, புதிய ஸ்குவாட்ரன் ஒன்றை எழுப்புவதோடு ஒப்பிட்டால் சிறிது. பணிநேர வரம்பால் விமான நிறுவனங்கள் தயங்கும் என்பது உண்மையான தடை. அதை முன்கூட்டிய ஒப்பந்தமும் இழப்பீடும் இல்லாமல் கடக்க முடியாது.

தரைப்பக்கத்தைப் பற்றி நம் விவாதங்களில் போதிய பேச்சே இல்லை. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூடப்பட்டபோது, அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளம் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கடலோர நிலையம் முடங்கினால் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஓடுதளமே கைகொடுக்கும். கடலூர் மாவட்டத்துக்கு அத்தகைய இடம் நெய்வேலி. நெய்வேலிக்கு மேற்கே, கடலிலிருந்து விலகி நிற்கும் விருத்தாசலம், விழுப்புரம்–திருச்சி பாதையும் கடலூர்–சேலம் பாதையும் சந்திக்கும் ரயில் சந்திப்பு. பீங்கான் தொழிற்பேட்டை கொண்ட, உடையும் சரக்கைக் கட்டி அனுப்பிப் பழகிய ஊர். வானிலிருந்து வருவதை எடை பார்த்து, பிரித்து, ரயிலுக்கும் லாரிக்கும் மாற்றிவிடும் ரிசர்வ் தரைக்குழு ஒன்றை இங்கே அமைப்பது இயல்பாகப் பொருந்தும். நெய்வேலி ஓடுதளத்தின் நீளமும் தாங்குதிறனும் எந்த விமானத்துக்குப் போதும் என்பதை விமானப்படைப் பொறியாளர்கள் அளந்து சொல்ல வேண்டும். அளவீடு முடியும்வரை காத்திராமல் தரைக்குழுவின் பயிற்சியைத் தொடங்கலாம். அதற்கு ஆட்களை அழைக்கும் அதிகாரத்தை 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தந்திருக்கிறது.