மாத்திரையும் கஷாயமும்: லூபஸ் நோயின் பெண் வரலாறு

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் வரும் ஓர் இளம்பெண்ணை நினைத்துக்கொள்வோம். இவள் குறிப்பிட்ட ஒருத்தி அல்ல. ஆனால் லூபஸ் நோயுள்ள பெண் யாராக இருந்தாலும் இவளிடம் தன்னைக் கொஞ்சமாவது அடையாளம் காண்பாள்.

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. மரவள்ளிக் காட்டில் அரை நாள் வெயிலில் நின்றால் கன்னமும் மூக்குத்தண்டும் கறுத்துத் தடித்து எரிகின்றன. வாயில் புண். விட்டுவிட்டுக் காய்ச்சல். சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. மாமியார் “மங்கு” என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா “உடம்புச் சூடு” என்கிறார். மருந்துக்கடையில் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கிடக்கும் நாளில் வீட்டில் கிடைக்கும் பெயர் “சோம்பேறி”. மலையில் ஒருவர் வேர்ப்பொடி தருகிறார், கீழே ஒருவர் ஊசி போடுகிறார். இரண்டையும் அவள் ஏற்றுக்கொள்கிறாள். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் வாய் திறப்பதில்லை.

அலோபதியையும் மரபு மருத்துவத்தையும் ஒருங்கிணைக்க வேண்டும் என்று இன்று மேடைகளில் பேசுகிறார்கள். நம் பெண்கள் அதை வெகுகாலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், தனியாக, ஒளித்து, ஆபத்தோடு. அந்த வேலையை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை லூபஸின் வரலாறு நமக்குச் சொல்லும்.

ஓநாயின் பெயர்

லத்தீன் மொழியில் லூபஸ் என்றால் ஓநாய். முகத்தை ஓநாய் கடித்துக் குதறியதுபோன்ற புண்களுக்கு இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் வைத்த பெயர் அது. 1846-இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா, கன்னங்களில் படரும் தடிப்பை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். 1872-இல் மோரிட்ஸ் கபோசி, இது தோலோடு நிற்கும் நோய் அல்ல, உடல் முழுவதையும் தாக்கக்கூடியது என்று எழுதினார். பிறகு வில்லியம் ஆஸ்லர், சிறுநீரகம் உள்ளிட்ட உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுவதை விளக்கினார். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் இந்த நோய்க்குரிய ஒரு தனி வகை அணுவை நோயாளிகளிடம் கண்டார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே எதிரியாக எண்ணித் தாக்குகிறது என்ற புரிதல் அதன் பின்னரே உறுதிப்பட்டது.

இந்தப் பெயர்ப்பட்டியலில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பார்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். லூபஸ் உள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள். ஏன் பெண்கள் என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஹார்மோன்தான் பதிலாக இருந்தது. பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கிவைக்கும் மூலக்கூறே எதிர்ப்பாற்றலைத் தவறாகத் தூண்டக்கூடும் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டியது 2024-இல்தான்.

பாடநூல்களின் படங்களில் வண்ணத்துப்பூச்சி சிவப்பாக இருக்கும். அது வெள்ளைத் தோலின் படம். நம் கறுத்த தோலில் அது அடர்பழுப்பாகவோ கருநீலமாகவோ தெரியும், மங்கு என்று கடந்துவிடலாம். ஆனால் லூபஸின் தடிப்பு மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். வெயில் பட்டால் கூடும். மூட்டுவலி, காய்ச்சல், முடியுதிர்வு ஆகியவை கூடவே வரும். சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் அதே எளிய சோதனைதான் அது. அதைச் சீக்கிரம் செய்தால் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்.

நீலகிரி வழியாக வந்த மாத்திரை

“இங்கிலீஷ் மருந்து ரசாயனம், நாட்டு மருந்து இயற்கை” என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். லூபஸின் அடிப்படை மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வந்த வழியைப் பார்த்தால் அந்த வேலி சாய்ந்துவிடும்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் அறிந்திருந்த சின்கோனா மரப்பட்டை, 17-ஆம் நூற்றாண்டில் பாதிரியார்கள் வழியாகக் காய்ச்சல் மருந்தாக ஐரோப்பாவுக்குப் போனது. அந்தப் பட்டையால் குணமானதாகச் சொல்லப்பட்ட சின்சோன் சீமாட்டியின் பெயரை லின்னேயஸ் 1742-இல் மரத்துக்குச் சூட்டினார். சீமாட்டியின் கதை உண்மையல்ல என்று பின்னாளில் தெரிந்தது. பெயர் மாறவில்லை, பட்டையைக் காட்டிக்கொடுத்த மலை மக்களுக்கும் அதில் இடமில்லை.

1860 வாக்கில் கிளெமென்ட்ஸ் மார்க்கமின் முயற்சியால் சின்கோனா நீலகிரிக்கு வந்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டும் வேலை வாங்கினார்கள். அந்தப் பட்டையிலிருந்து எடுத்த குயினைன் மலேரியாவுக்கானது. ஆனால் 1894-இலேயே லண்டன் மருத்துவர் பெய்ன் அதை லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் மலேரியாவுக்காக மெபாக்ரின் என்ற செயற்கை மருந்தை விழுங்கிய வீரர்களில் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்தன. 1951-இல் பேஜ் என்ற மருத்துவர் அதை லூபஸில் பயன்படுத்தி எழுதினார். 1955-இல் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்றும் வேறு தடை இல்லாத லூபஸ் நோயாளிகள் அனைவருக்கும் பரிந்துரைக்கப்படும் மாத்திரை இதுதான். கர்ப்ப காலத்திலும் தொடரலாம்.

அப்படியானால் பட்டையை வேகவைத்துக் குடித்தால் போதுமா? போதாது. மலை மக்களின் அறிவு மாத்திரையாவதற்கு இடையில் நடந்தது அளவைக் கண்டுபிடிக்கும் வேலை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்பும், விழித்திரை கெடாமலிருக்கத் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனையும் 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் ஒன்றும் என்ற விதியும் அந்த வேலையில் கிடைத்தவை.

2020 மார்ச்சில் இதே மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. மருந்துக்கடைகள் காலியாயின. இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கொரோனாவுக்கு அது பயன்படாது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் பல நாடுகளில், ஆண்டுக்கணக்காக அதை நம்பி வாழ்ந்த லூபஸ் பெண்கள் மாத்திரை கிடைக்காமல் அலைந்துவிட்டார்கள்.

உயிரும் அதன் விலையும்

1950-களில் இந்த நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் 5 ஆண்டுகளைத் தாண்டினார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாண்டுகிறார்கள். இந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தது ஸ்டீராய்டு. கார்ட்டிசோன் பணிக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானருக்கு நோய் வந்தது அந்த ஆண்டுகளில்தான். அவருடைய தந்தை ஏற்கனவே லூபஸால் இறந்திருந்தார். மகள் பயந்துவிடுவாளென்று தாய் நோயின் பெயரையே மறைத்து, மூட்டுவாதம் என்று நம்பவைத்தார். 1952-இல் ஒரு தோழி சொல்லித்தான் ஓ’கானருக்கு உண்மை தெரிந்தது. அதன்பின் ஹார்மோன் ஊசிகளோடும் ஊன்றுகோல்களோடும் எழுதிக்கொண்டே இருந்து, 1964-இல் 39 வயதில் இறந்தார். பெண்ணின் நோயை அவளிடமே மறைக்கும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

ஸ்டீராய்டு உயிரைக் காத்தது, முகத்தை உப்பவைத்தது, எலும்பைத் தேய்த்தது. “பொண்ணு பார்க்க வர்றாங்க” என்ற ஒரே காரணத்துக்காக மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடல் நிலைகுலைந்து உயிரே போகலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே கொண்டுவருவது இன்றைய சிகிச்சையின் குறிக்கோள்.

சிறுநீரகம் பாதிக்கப்படும்போது தரும் சைக்ளோபாஸ்பமைடு, அளவு கூடினால் கருப்பையின் பக்கத்திலுள்ள சினைப்பைகளைச் செயலிழக்கச் செய்யும். 2002-இல் ஐரோப்பிய ஆய்வொன்று, குறைந்த அளவே பலருக்குப் போதும் என்று காட்டியது. சீன மரபு மருத்துவத்தில் லூபஸுக்குப் பயன்படும் ‘இடிக்கடவுள் கொடி’ என்ற மூலிகைக்கும் இதே குணம் உண்டு, மாதவிடாய் நின்றுபோகும். பெண்ணின் சினைப்பையைப் பொறுத்தவரை மூலிகை, ரசாயனம் என்ற வேறுபாடு இல்லை. பிள்ளை வேண்டுமா என்று அவளைக் கேட்டபின் மருந்து எழுதினார்களா என்பதே கேள்வி. லூபஸ் உள்ளவர் கருத்தரிக்கவே கூடாது என்ற காலம் போய்விட்டது. நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்து, கருவுக்குத் தீங்கு செய்யும் மருந்துகளை முன்கூட்டியே மாற்றிக்கொண்டால் பலர் நலமாகப் பெற்றெடுக்கிறார்கள்.

அஞ்சறைப்பெட்டியும் அரசாங்கமும்

தமிழகத்தில் மரபு மருத்துவத்துக்கு அரசு ஏற்பு தேடி 1921-இல் சென்னை மாகாண அரசு உஸ்மான் குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1920-களின் நடுவில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தன. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அலோபதிக்குப் பக்கத்திலேயே சித்தா பிரிவு இயங்குகிறது. ஏட்டுச்சுவடிக்கும் குருவழிக்கும் கிடைத்த இந்த மதிப்பு, பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கும் கஷாயம் வைத்த பாட்டிக்கும் கிடைக்கவில்லை. பெண்களின் மருத்துவ அறிவு ‘கைவைத்தியம்’ என்ற சின்னப் பெயரோடு நின்றுபோனது. அதனால்தான் மருத்துவரிடம் அதைச் சொல்ல நமக்குக் கூச்சம்.

அந்தக் கூச்சம் லூபஸில் ஆபத்தாகிறது. வேலியில் படரும் சீந்தில் ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று கொரோனா காலத்தில் நாடு முழுக்கக் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் எடுத்த 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததைப் பதிவுசெய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. 2022-இல் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. லூபஸில் எதிர்ப்பாற்றல் ஏற்கனவே மிகையாக இயங்குகிறது, அதைத் தூண்டுவதாகச் சொல்லும் எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. உரிமம் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், “உடனே வலி போச்சு” என்பதே எச்சரிக்கை. 2004-இல் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தது. லூபஸ் முதலில் குறிவைக்கும் உறுப்புகளில் ஒன்றான சிறுநீரகத்துக்கு இவை நஞ்சு.

மறுபக்கமும் உண்டு. 2012-இல் ஈரானில் லூபஸ் சிறுநீரக நோயுள்ள 24 பேரிடம் நடந்த சிறு ஆய்வில், வழக்கமான மருந்தோடு மூன்று மாதம் மஞ்சள் எடுத்தவர்களுக்குச் சிறுநீரில் புரதம் குறைந்தது. சிறு ஆய்வுதான், மாத்திரைக்கு மாற்று ஆகாது. உடற்பயிற்சி, வெயில் தவிர்ப்பு, மனநல ஆதரவு ஆகியவற்றைச் சிகிச்சையின் பகுதியாக ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு 2023-இல் பரிந்துரைத்தது. யோகாவுக்கும் நடைக்கும் அங்கே இடமுண்டு. ஒருங்கிணைப்பு என்பது இவ்வளவுதான்: நோயை அடக்க மாத்திரை, களைப்பையும் வலியையும் உறக்கமின்மையையும் தாங்க மற்றவை, இரண்டும் ஒரே மருத்துவரின் கண்பார்வையில்.

மலைக்குத் திரும்பி

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2024-இல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலையும் மருத்துவமும் மீண்டும் பேசுபொருளாயின. நம் பெண் கோமுகி அணையைக் கடந்து கீழே வந்தாலும், தன்னுடல் தாக்குநோய்களுக்கான தனித் துறை உள்ள புதுச்சேரி ஜிப்மருக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சென்னையும் வேலூரும் அதைவிடத் தொலைவு. ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி, கூட வருபவரின் கூலி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவருபவர்களில் பலர் உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்கள். அதே பையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் சிறுநீர்ச் சோதனைக் குச்சியையும் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். வேர்ப்பொடி பற்றிச் சொல்லும் பெண்ணைத் திட்டாத மருத்துவரையும், ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்லாத வைத்தியரையும் கேட்போம்.

அதுவரை ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாத்திரையின் பெயர், கஷாயத்தின் பெயர், தொடங்கிய தேதி, மாதவிடாய் தேதி, வலி கூடிய நாள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மகள் எழுதட்டும். மாத்திரை அட்டையையும் பொடிப் பொட்டலத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய், இரண்டு மேசையிலும் வைப்போம். “இது எல்லாம் நான் சாப்பிடுறேன்” என்று இருவரிடமும் சொல்வோம்.