நிக்கல் நெடுஞ்சாலைச் சரிவும் பொறுப்பு பற்றிய சட்ட மாற்றமும்

சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்களின் பாதுகாப்பு நெடுங்காலம் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழேயே அமைந்திருந்தது. தளத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர் மீதே அது முதன்மைக் கடமையைச் சுமத்தியது.

2004 ஏப்ரல் 20 பிற்பகல், பெருவிரைவு ரயிலின் வட்டப்பாதைக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழம் தோண்டப்பட்டிருந்த குழியின் எஃகுத் தாங்கல்கள் முறிந்தன. அருகிலிருந்த நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் சரிந்தது. நால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் தம் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தாம் சிக்கிக்கொண்ட மேற்பார்வையாளர். அவருடல் கிடைக்கவேயில்லை.

தாங்கல் இணைப்புகள் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன என்றும், களிமண்ணின் வலிமை கணிப்பில் மிகையாகக் கொள்ளப்பட்டது என்றும் விசாரணைக் குழு 2005இல் அறிவித்தது. வரலாற்று நோக்கில் கருதத்தக்கது பிறிதொன்று. பக்கச்சுவர் எதிர்பார்த்ததினும் மிகுதியாக வளைவதை அளவுக் கருவிகள் முன்னரே காட்டின. எச்சரிக்கை எல்லைகள் உயர்த்தப்பட்டனவேயன்றிப் பணி நிற்கவில்லை. அன்று காலை தாங்கல்களிலிருந்து பேரொலி எழுந்தபோதும் அவற்றை வலுப்படுத்தவே முயன்றனர், அனைவரையும் வெளியேற்றவில்லை. நிறுத்துக எனும் சொல் எவருடைய கடமை என்பதே தெளிவின்றி இருந்தது.

2006 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளி, தளப் பொறுப்பாளர், கருவி வழங்குநர், தொழிலாளி என அனைவர்க்கும் கடமை வகுத்தது. கடன்பட்டுத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளி பணியை நிறுத்தக் கோரும் துணிவு பெறுவாரா என்பது தனி ஆய்வுக்குரியது. வடிவமைப்பாளர்க்கெனத் தனிப் பாதுகாப்பு விதிகள் 2015இல் வகுக்கப்பெற்று, 2016 ஆகஸ்டில்தான் நடப்புக்கு வந்தன.