கறுப்பு கோட்டும் கடலோர வெயிலும்

போன வருஷம் ஏப்ரல் கடைசியில், ஒரு நிலத் தகராறு விஷயமாக, கடலோர மாவட்டம் ஒன்றின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. எங்க வக்கீலோட ஜூனியர் வேப்ப மரத்தடியில், கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கைக் கூப்பிட்டதும் அந்த ஈரச் சட்டை மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். ஏசியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு புரோகிராம் எழுதுகிற எனக்கு அது உறைத்தது. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

கோட்டும் கவுனும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஆனால் அவற்றைக் கொண்டு வந்தவர்கள் நம்ம ஊர் வெயிலை அறியாதவர்கள் இல்லை. 1892-ல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தைப் பாருங்கள். ஹென்றி இர்வின் கட்டி முடித்தது. உயரமான கூரை, நீளமான தாழ்வாரங்கள். கட்டடத்துக்கு வெயிலைக் கணக்குப் பண்ணினார்கள். உள்ளே நின்று வாதாடுகிற ஆளின் உடுப்புக்குப் பண்ணவில்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்த கடலோரத்தில் அது மெதுவாகத்தான் ஆவியாகும். அதற்கு மேல் கோட், கவுன், கழுத்துப் பட்டை என்று மூடினால் காற்றுக்கு வழியே இல்லை.

சரி, அது வெள்ளைக்காரன் காலம். அப்புறம்?

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49-வது பிரிவில், 1973-ல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். வக்கீல்களின் உடையை முடிவு செய்யும் அதிகாரத்தை அது இந்திய பார் கவுன்சிலுக்குக் கொடுக்கிறது. எப்படி முடிவு செய்வது? தட்பவெப்பத்தைக் கருத்தில் கொண்டு! நாமே எழுதிய சட்டம் வெயிலைப் பார்க்கச் சொல்கிறது. பார் கவுன்சில் விதிகளும் முழுக்க இங்கிலாந்து இல்லை. ஷெர்வானி போடலாம், பேன்ட்டுக்குப் பதிலாக வேட்டி கட்டலாம். ஆனால் மேலே கறுப்புதான்.

வேட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2014-ல் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார் என்று சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை. வாதாட வருகிற வக்கீலுக்கு விதி அனுமதிக்கிற வேட்டி, நீதிபதிக்கு கிளப் வாசலில் ஆகவில்லை. அதே வருஷம் தமிழக சட்டமன்றம் அந்தத் தடைக்கு எதிராகச் சட்டமே போட்டது.

கோட்டுக்கும் விலக்கு உண்டு. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோடைக்காலத்தில் கோட் கட்டாயம் இல்லை. இதைப் படித்ததும் அந்த ஜூனியருக்கு போன் பண்ணினேன்.

"தெரியும் சார். ஆனா சீனியரே போட்டுட்டு வர்றப்ப நான் போடாம எப்படி நிக்கிறது?"

விதி தளர்ந்தாலும் கோட் ஏன் தளரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சீனியர் காரில் வருகிறார். ஜூனியர் பஸ்ஸில் வருகிறார். வெயில் இரண்டு பேருக்கும் ஒரே அளவில் இல்லை.

கோட் இல்லாவிட்டால் கோர்ட்டின் மரியாதை போய்விடும் என்பார்கள். கொரோனா சமயத்தில், 2020 மே மாதம், காணொளி விசாரணைகளுக்கு கோட், கவுன் வேண்டாம், வெள்ளை உடையும் கழுத்துப் பட்டையும் போதும் என்று உச்ச நீதிமன்றமே அறிவித்தது. காரணம் வெயில் இல்லை, தொற்று. இருந்தாலும் எங்க தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு லைவ் டெஸ்ட். வழக்குகள் நடந்தன, தீர்ப்புகள் வந்தன. ஒன்றும் கிராஷ் ஆகவில்லை.

2022-ல் கோடையில் மேல் நீதிமன்றங்களிலும் விலக்கு கேட்டு ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். பார் கவுன்சிலிடம் போகச் சொல்லிவிட்டார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். கீழ் நீதிமன்றங்களில் புது விதி எதுவும் வேண்டாம். ஏப்ரல் பிறந்ததும் சீனியர்கள் முதலில் கோட்டைக் கழற்றினால் போதும். வேப்ப மரத்தடியில் நிற்கிறவர் பின்னாலேயே கழற்றிவிடுவார்.