கறுப்புத் துணிக்கு என்ன விலை?

கடையில் ஒரு காக்கி நிற காட்டன் பேன்ட், பக்கத்திலேயே அதே கம்பெனியின் கறுப்பு பேன்ட். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பருத்தித் துணியில் நல்ல கறுப்பு ஏற்றுவது பெரும்பாடு. அதை மலிவாக்கியது சல்பர் பிளாக் என்கிற கந்தகச் சாயம். காமர்ஸ் படிக்கிற எனக்கு கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போடு முடிந்துபோன சமாச்சாரம். ஆனால் ஒரு பொருள் எப்படி மலிவானது, அந்த மலிவுக்கு யார் கணக்கில் பற்று எழுதினார்கள் என்பது எங்கள் பாடம்தானே. அதனால் தைரியமாக இறங்குகிறேன்.

கம்பளியும் பட்டும் சாயத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படி இல்லை, பிடிவாதக்காரத் துணி. நம் நாட்டில் கலம்காரி செய்கிறவர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்த நீரைக் கடுக்காயில் நனைத்த துணியில் தீட்டிக் கறுப்பு வரவைத்தார்கள். அழகான கறுப்பு. ஆனால் இரும்பு மெல்ல மெல்ல நூலைத் தின்றுவிடும். மியூசியங்களில் இருக்கும் பழைய சீட்டித் துணிகளில், கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருப்பதைப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த ஒரு மரக்கட்டையிலிருந்து கறுப்பு எடுத்தார்கள். பிறகு 1863ல் இங்கிலாந்தின் அக்ரிங்டனைச் சேர்ந்த ஜான் லைட்ஃபுட் அனிலின் பிளாக்குக்குப் பேட்டன்ட் வாங்கினார். அருமையான கறுப்புதான். ஆனால் சாயத்தைத் துணியின் மேலேயே உருவாக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் துணியின் வலுவே போய்விடும். சில சமயம் பச்சை வேறு அடிக்கும்.

கந்தகச் சாயத்தின் கதை 1873ல் பிரான்சின் லவால் ஊரில் ஆரம்பிக்கிறது. க்ருவாசான், பிரெத்தோனியேர் என்று இரண்டு பேர் (ஆமாம், பேக்கரியில் விற்கிற அதே க்ருவாசான் பெயர்தான்!). மரத்தூள், தவிடு மாதிரி ஒன்றுக்கும் உதவாத பொருள்களைக் கந்தகத்தோடும் காரத்தோடும் சேர்த்து வறுத்தார்கள். நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் கிடைத்த கரியைக் கரைத்துப் பருத்தியை முக்கினால் பழுப்பு நிறம் நன்றாகப் பிடித்தது. 'லவால் காசு' என்று பெயர் வைத்தார்கள். இந்த 'காசு' பணம் இல்லை, வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டி. அந்தப் பிரெஞ்சுச் சொல் நம் பக்கத்துத் திராவிட மொழிகளிலிருந்து மலாய் வழியாகப் போனது என்று அகராதிகள் சொல்கின்றன.

இருபது வருஷம் கழித்து, 1893ல், ரேமோன் விதால் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் மரத்தூளை விட்டுவிட்டு, தாரிலிருந்து வந்த குறிப்பிட்ட ரசாயனங்களைக் கந்தகத்தோடு சூடாக்கினார். கறுப்பு வந்தது. 1899ல் ஜெர்மனியின் அக்ஃபா கம்பெனி (பிற்காலத்தில் கேமராவுக்கு ஃபிலிம் ரோல் விற்ற அதே அக்ஃபா, பெயரில் உள்ள ஒரு 'அ' அனிலினுக்கானது) டைநைட்ரோஃபீனால் என்ற ஒரே பொருளைச் சோடியம் பாலிசல்பைடு கரைசலில் கொதிக்கவைத்து சல்பர் பிளாக் டி தயாரித்தது. மலிவின் ரகசியம் இங்கேதான். கந்தகம் மலிவு, காரம் மலிவு, மூலப்பொருள் ஒன்றே ஒன்று.

சாயம் போடும் முறையும் எளிது. இந்தக் கறுப்பு தண்ணீரில் கரையாது. சோடியம் சல்பைடு சேர்த்தால் அதன் கந்தகப் பிணைப்புகள் உடைந்து கரையும், பருத்திக்குள் புகும். வெளியே எடுத்துக் காற்றுப்படவிட்டால் பிணைப்புகள் மறுபடி சேர்ந்து, நூலுக்குள்ளேயே கரையாத கறுப்பாகப் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் துவைத்தால் சுலபத்தில் போகாது. பிளீச்சிங் பவுடர் பட்டால் மட்டும் கதை முடிந்தது! இவ்வளவு வருஷமாகியும் இந்தச் சாயத்தின் மூலக்கூறு அமைப்பை யாரும் முழுசாக, உறுதியாகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இப்போது அந்த டைநைட்ரோஃபீனாலைப் பற்றி. முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் இதையே பிக்ரிக் அமிலத்தோடு கலந்து குண்டுகளில் அடைத்தார்கள். ஆலைத் தொழிலாளிகளுக்கு ஓயாத வியர்வை, காய்ச்சல், உடல் மெலிவு. பலர் செத்தே போனார்கள். உடம்பு சேமிக்க வேண்டிய சக்தியை இந்தப் பொருள் வெறும் சூடாக மாற்றிவிடுகிறது. 1933ல் ஸ்டான்ஃபோர்டில் கட்டிங், டெய்ன்டர் என்ற இருவர் அதே மெலிவை மருந்தாக்கினார்கள், உடல் இளைக்க மாத்திரை! கண்புரை வந்தது, உயிர்களும் போயின. 1938ல் அமெரிக்கா மாத்திரையை நிறுத்தியது. ஆனாலும் இணையத்தில் கள்ளத்தனமாக விற்று ஆள்கள் சாவது நிற்கவில்லை. 2023ல் பிரிட்டன் இதைக் கட்டுப்பாட்டுக்குரிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு கறுப்புச் சட்டையின் மூலப்பொருளுக்கு இத்தனை வேஷம்.

அதே போரில் வியாபாரக் கதை ஒன்றும் உண்டு. 1914ல் உலகச் சாயத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஜெர்மனி கையில். கடல் முற்றுகை வந்ததும் மற்ற நாட்டு ஆலைகள் தவித்தன. 1916 ஜூலையில் 'டாய்ச்லான்ட்' என்ற வியாபார நீர்மூழ்கிக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் வந்து நின்றது. உள்ளே முக்கியச் சரக்கு சாயம்! தட்டுப்பாடு என்றால் விலை எங்கே போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. இந்தியாவில் கஸ்தூர்பாய் லால்பாய் 1947ல் தொடங்கி, 1952ல் நேரு திறந்துவைத்த குஜராத்தின் அதுல் நிறுவனம் சல்பர் பிளாக் தயாரிக்கிறது. சீனச் சரக்கு அடிமாட்டு விலைக்கு இறங்குவதாகப் புகார் வந்து, அரசு பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டதும் உண்டு.

மலிவுச் சாயத்துக்குக் குறைகளும் உண்டு. ஈரமும் புழுக்கமுமான கிடங்கில் ரொம்ப நாள் அடுக்கிவைத்தால், துணியில் மிஞ்சிய கந்தகம் கந்தக அமிலமாகி நூலை அரித்துவிடும். பழைய இரும்புக் கறுப்பின் அதே வியாதி, வேறு வழியில். சாயத்தொட்டிக் கழிவு இன்னும் மோசம். சல்பைடு கலந்த தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம்; அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தொட்டிக்குள் இறங்கியவர் நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவார். பேன்ட்டின் விலைச்சீட்டில் இந்தச் செலவுக்கு ஒரு வரி கிடையாது.

சோடியம் சல்பைடுக்குப் பதிலாக இப்போது பல இடங்களில் குளுக்கோஸைச் சேர்த்துக் காரத்தில் சாயத்தைக் கரைக்கிறார்கள். நாற்றம் குறைவு, கழிவில் சல்பைடும் குறைவு. கலம்காரிக்காரரின் வெல்லப் பானை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. எல்லா ஆலைகளும் இன்னும் மாறவில்லை. காரணம் கேட்டால் பதில் ஒன்றுதான்: சல்பைடுதான் மலிவு.