சாட்டிக் கிணறும் இரண்டு வகைக் கலங்களும்

சாட்டிக்குப் போகிறவர்கள் கடலைத்தான் பார்ப்பார்கள். வேலணைத் தீவின் இந்த மணற்பாங்கான மூலைக்கு உண்மையான சொத்து கிணறுகள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. தீவகத்தின் வேறு ஊர்களுக்கும் இங்கிருந்து குடிநீர் போயிருக்கிறது.

அங்கே கிணற்றடியில் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, கிணத்துக்குக் குளோரின் போட்டாச்சு. பிறகேன் கொதிக்க வைக்கச் சொல்லுகினம்?"

ஊடகக் கற்கை படித்த எனக்கு விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்துபோனது. பதிலுக்காகப் பழைய பாடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது.

மலத்தால் அசுத்தமான நீரில் இரண்டு வகை உயிர்கள் இருக்கலாம். ஈகோலி போன்ற பற்றீரியா புரோகரியோட்டாக் கலம். நீளம் ஏறக்குறைய 2 மைக்கிரோமீற்றர். கரு இல்லை, டி.என்.ஏ. வளையமாகக் கலத்துக்குள்ளே திறந்தபடி கிடக்கும். மென்சவ்வால் மூடிய உள்ளுறுப்புகளும் இல்லை. வயிற்றுளைவு தரும் அமீபா யூகரியோட்டா. பத்து மடங்கும் அதற்கு மேலும் பெரியது, டி.என்.ஏ. கருவுக்குள் பத்திரமாக இருக்கும். நாங்களும், வேலியில் நிற்கும் பூவரசும் இந்தப் பக்கம்தான். யூகரியோட்டா என்றால் இழைமணி இருக்கும் என்று பாடமாக்கினோம். இந்த அமீபாவோ அதைத் தொலைத்து, அதன் எச்சத்தை மட்டும் வைத்திருக்கிறது.

பற்றீரியா மலகூடக் குழியிலிருந்து மணலூடாகவே கசிந்து வரும். அமீபா உடலை விட்டு வெளியேறும்போது தடித்த சுவருள்ள சிறைப்பையாகிறது. அது மணலில் தடைப்படக்கூடிய பருமன். திறந்த கிணற்று வாயால், வெள்ளத்தோடும் அழுக்கு வாளியோடும் வரவே வாய்ப்பு அதிகம். கிணற்றுக்கு இடும் வழமையான குளோரினில் பற்றீரியா சாகும். சிறைப்பை தப்பிவிடும்.

மருந்திலும் இதே வேறுபாடுதான். 2009இல் முகாமில் யாருக்கு வயிற்றோட்டம் வந்தாலும், மிஞ்சிய அமொக்சிசிலின் குளிசைகளைக் கூடாரத்துக்குக் கூடாரம் பகிர்ந்தோம். பற்றீரியா கலச்சுவர் கட்டுவதைத்தான் அந்த மருந்து தடுக்கும். குடலில் வாழும் அமீபாவுக்குக் கலச்சுவரே கிடையாது. எத்தனை குளிசை வீணாகப் போயிருக்கும்! அமீபாவுக்கு மெற்றோனிடசோல் போன்ற வேறு மருந்துகள் உண்டு. எது வேண்டும் என்பதை மலப் பரிசோதனை பார்த்து வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

நீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் குமிழி எழும்பினால் இரண்டுமே சாகும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"விறகுக்கு எங்கை போறது?" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "சமைக்கிற தண்ணி எப்பிடியும் கொதிக்கும்தானே. குடிக்கிறதுக்கு மட்டும் ஒரு பானை வைப்பம்."